செல்லார் கூரையில் இருநூறு முட்டை அட்டைகள்

முட்டையை வாயில் வைத்தறியாத வைணவக் குடும்பத்தில் பிறந்து, ஐம்பத்து மூன்று வயதுவரை அந்தப் பெருமையைக் கட்டிக் காத்து வந்த நான், திருப்பதியில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய், இருநூறு முட்டை அட்டைகளைச் சுமந்து வந்து என் வீட்டுக் கூரையில் என் கையாலேயே ஒட்டினேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்கள் வீடு மலையடிவாரத்துச் சரிவில் இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் ஒரே ஒரு தளம். பின்பக்கம் சுற்றிப் போனால் அதற்கு அடியில் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் அதைச் செல்லார் என்போம். மற்றவர்கள் செல்லாரில் ஸ்கூட்டரையும் உடைந்த கட்டிலையும் போட்டு வைப்பார்கள். நான் டைல்ஸ் பதித்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டி, குளியலறை கட்டி, மனிதர் வசிக்கும் அறையாகவே ஆக்கியிருந்தேன். தரிசனத்துக்கு வரும் உறவினர்களுக்காகத்தான். திருப்பதியில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவினர்களுக்குக் குறைவே இல்லை. எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பாதவர்கள்கூட, மலையிலிருந்து இறங்கியதும் என் வீட்டில்தான் வந்து கால் நீட்டுவார்கள்.

அந்த அறை இப்போது என் மகளின் அலுவலகம். பெங்களூரு கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசி ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவன். நான் செய்த வேலையும் இன்னதென்று எனக்குத் தெரியாதுதான்.

செல்லாருக்கு நேர் மேலே எங்கள் ஹால். அங்கே மதியம் இரண்டரை முதல் நாலு வரை என் மனைவியின் கோலாட்டக் கோஷ்டி. எட்டுப் பெண்மணிகள், பதினாறு கோல்கள், கிரானைட் தரை. பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னால் மாட வீதியில் ஆட வேண்டும் என்பது அவர்கள் கனவு. அதற்காக ஒரு வருஷமாக என் மகளின் தலைக்கு மேலே குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மகள் படியேறி வந்து, காதிலிருந்து கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எங்க மேனேஜர் கேக்கறார், உங்காத்துக்கு மேல ஏதாவது பில்டிங் இடிக்கறாளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"அம்மான்னு சொன்னேன்."

"அவர்?"

"அடுத்த மாசம் ரெவ்யூ கால் இருக்கு, அன்னிக்கும் இந்தச் சத்தம் வந்தா பெங்களூரு ஆபீசுக்கே வந்துடுன்னுட்டார்." அவள் உதட்டைக் கடித்தாள். "எனக்கு அங்கே போக வேண்டாம்பா. ஹாஸ்டல்ல ஆறு பேரோட ஒரு ரூம், ஒரு பாத்ரூம். வேலையையே விட்டுடுவேன்."

அவள் போவது எனக்கும் பிடிக்கவில்லை. ஒரே பெண். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "இது விஞ்ஞானப் பிரச்சினை. நான் பார்த்துக்கறேன்" என்றேன். பெற்ற பாசத்தை வெளியே காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு விஞ்ஞானத்தைப் போல ஒரு மறைவிடம் கிடையாது.

மனைவியிடம் நேரத்தை மாற்றச் சொல்லிப் பார்த்தேன்.

"எப்போ மாத்தறது? கார்த்தால எட்டு பேருக்கும் சமையல். நாலரைக்கு ஸ்கூல் வேன் வந்துடும். நடுவுல இருக்கறது இந்த ஒன்றரை மணிதான்."

"வேற யாராத்துலயாவது..."

"மத்த ஏழு பேரும் பிளாட்டுல இருக்கா. கீழ்வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவான். நம்மாத்துல கீழே இருக்கறது நாம பெத்த பொண்ணுதானே, போலீசுக்குப் போக மாட்டாளேன்னுதான் இங்கே ஆடறோம். ஏன்னா, பெருமாள் முன்னாடி ஆடறதுக்குச் சாதகம் பண்றோம். அதைப் போய்ச் சத்தம்கறேளே."

பெருமாளையே முன்னால் நிறுத்திவிட்டாள். நான் புத்தகங்களுக்குப் போனேன். கட்டடங்களில் ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்று விளக்கும் தடிமனான நூல் ஒன்று கிடைத்தது. முதல் இரண்டு அத்தியாயங்கள் அற்புதம். காற்றின் வழியே வரும் சத்தம், பேச்சு, பாட்டு, அதை மெத்தென்ற மேடுபள்ளமான பரப்பு எப்படி உறிஞ்சுகிறது என்று கதை போலப் போனது. மூன்றாம் அத்தியாயத்தில் கணக்கு வந்தது. அங்கே புத்தகத்தை மூடினேன். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு 'மிதிப்பதால் எழும் சத்தம்' என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

மேடுபள்ளமான பரப்புக்கு ஒரு வீடியோவில் ஒருவர் முட்டை அட்டையைக் காட்டினார். இவ்வளவுதானா என்று தோன்றியது. நெற்றியில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டு முட்டைக்கடைக்கு எப்படிப் போவது என்பதும் அடுத்த நொடி தோன்றியது. திருப்பதியில் எந்தக் கடைவாசலில் நின்றாலும் எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர் எதிரே வருவார். ஆகவே சித்தூர்.

சித்தூர் மார்க்கெட்டில் மொத்த வியாபாரக் கடை ஒன்றைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா சாமி, நெத்தியெல்லாம் ரத்தம்? வண்டிலேர்ந்து உயுந்துட்டியா?"

சிவப்பு முழுக்கப் போகவில்லை, புருவம்வரை பரவியிருந்தது.

"ஒண்ணுமில்லே. அட்டை வேணும்."

"எத்தினி அட்டை முட்ட?"

"முட்டை வேண்டாம். வெறும் அட்டை. இருநூறு."

"முட்ட இல்லாம அட்டய வெச்சிக்கினு இன்னா பண்ணுவே? அவிச்சுத் துன்னுவியா?"

"சத்தத்துக்கு. மேல என் சம்சாரம் ஆடறா. கீழே என் பொண்ணு வேலை பாக்கறா. நடுவுல இதை ஒட்டினா சத்தம் நிக்கும்."

அவர் தம் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். நாலு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை முட்டை அட்டைகள்தான்.

"சாமி, நான் இருவது வருசமா இதுக்குள்ளதான் குந்திக்கினு கீறேன். பக்கத்து லாரி ஷெட்டுல ஒருத்தன் சுத்தியால அடிச்சிக்கினு கீறான் பாரு, ஒரு அடி உடாம கேக்குது. இன்னாவோ, நீ படிச்சவரு. எட்துக்கினு போ."

உலகத்தின் எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைவிடத் தெளிவான சோதனை நடந்திருக்காது. நான் புன்னகையோடு கட்டுகளைத் தூக்கினேன்.

பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் என் மேல் இரக்கப்பட்டார். அதுதான் வினையானது. "கோடிகுட்லு உன்னாயி! ஜருகண்டி, ஜருகண்டி!" என்று கூவினார். முட்டை இருக்கிறது, நகருங்கள் என்று அர்த்தம். மலைமேல் சந்நிதியில் பெருமாளைப் பார்க்கவிடாமல் தள்ளும்போது சொல்கிற அதே 'ஜருகண்டி'. பஸ் முழுக்க ஒதுங்கி எனக்கு வழிவிட்டது. உள்ளே காலி அட்டைதான் என்று நான் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் நாற்பது பேர் என் மூட்டையைக் கவலையோடு பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது சீட்டில் என் மனைவியின் ஒன்றுவிட்ட மாமா உட்கார்ந்திருந்தார். அவர் மூட்டையைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார்.

வீட்டில் மனைவியிடம் அது ஆப்பிள் பெட்டியில் வைக்கிற அட்டை என்று சொன்னேன். அட்டையின் முதுகில் பண்ணைக்காரர்கள் ஒரு கோழிப் படம் அச்சடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பசையைத் தடவிக் கூரையோடு ஒட்டிவிட்டேன். ஏணிமேல் மூன்று நாள். கழுத்து பின்பக்கமாகவே நின்றுவிட்டது. கொஞ்ச நாள் என்னால் வானத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்தபோது செல்லாரின் கூரை சாம்பல் நிறத்தில், தலைகீழாகத் தொங்கும் மலைத்தொடர் மாதிரி இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "குகைக்குள்ள வேலை பாக்கற மாதிரி இருக்குப்பா" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டரைக்கு மேலே கோலாட்டம் ஆரம்பித்தது. கீழே நானும் மகளும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. மிதி விழ விழக் கூரை அதிர்ந்தது. அதிர அதிர அட்டைகள் பசைவிட்டன. முதல் அட்டை கம்ப்யூட்டர்மேல் விழுந்தது. இரண்டாவது, என் மகள் வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கையில், அவள் தலையில் தொப்பி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் அதைக் கழற்றாமல், முகம் மாறாமல், பேச்சை முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா. ரெவ்யூவுக்கு இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்கு."

இதற்குள் ஒன்றுவிட்ட மாமாவின் வாய்வழியாக விஷயம் மலையேறிவிட்டது. என் மனைவியின் அண்ணா திருமலையில் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். கிணற்றில் இறைக்காத தண்ணீரையே சந்தேகமாகப் பார்க்கிறவர். அந்த வாரம் அழைக்காமலே சாப்பிட வந்தார். சாப்பாடு முடிந்ததும், "செல்லார் குளுகுளுன்னு இருக்குமே. செத்த நேரம் கட்டையைச் சாய்க்கறேன்" என்றார். மகளுக்கு அன்று விடுமுறை, கோலாட்டமும் இல்லை. தடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நானும் கூடவே இறங்கினேன்.

அவர் பாயை விரித்துப் படுத்தார். மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாப்ளே, இது என்ன?"

"ஆப்பிள் அட்டைண்ணா. சத்தத்தை உறிஞ்சும்."

"ஆப்பிள் இத்தனை சின்னதாவா இருக்கும்?"

"இது... சிம்லா ஆப்பிள்."

அட்டைக்கு மனசாட்சி இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் ஒன்று தானாகவே பசைவிட்டு, மெதுவாகச் சுழன்று, அவர் மார்பின்மேல் கோழிப் படம் தெரிய விழுந்தது.

அவர் கோழியைப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது. இரண்டு விரலால் அட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு அட்டைக்கு எத்தனை?"

"முப்பதுண்ணா."

"எத்தனை அட்டை?"

"இருநூறு."

"அப்போ ஆறாயிரம் முட்டைக்கு அடியில என்னைப் படுக்க வெச்சிருக்கே."

"முட்டை இல்லேண்ணா, வெறும்..."

"சிம்லா ஆப்பிள். சொன்னியே."

அவர் குளித்தார். என்னையும் குளிக்கச் சொன்னார். மேலிருந்து இறங்கிவந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, செல்லாரில் தெளிக்கத் தீர்த்தமும் துளசியும் எடுக்கப் போனாள்.

ஈரத் துண்டோடு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தபிறகு மைத்துனர் கேட்டார்:

"எதுக்காகடா இந்தக் கூத்து?"

சொன்னேன். காற்றின் வழியே வரும் சத்தம், அத்தியாயம் ஒன்று, அத்தியாயம் இரண்டு, பெங்களூரு, ஹாஸ்டல், எல்லாம். ஹாஸ்டலைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவருக்குத் தங்கை பெண்ணிடம் உயிர்.

"வாகனம் தூக்கறவாளைப் பாத்திருக்கியோ?"

"பாத்திருக்கேண்ணா."

"தண்டு அழுத்தற தோள்ல திண்டு வெச்சுக்கறா. வேடிக்கை பாக்கறவன் மூஞ்சிலயா வெக்கறா? மேல இவா மிதிக்கறா. நீ கீழே போய் அட்டை ஒட்டறே. மிதிக்கற காலுக்கு அடியில போடுடா."

மூடி வைத்திருந்த மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். கணக்கைத் தள்ளிவிட்டால், அவர் சொன்னதைத்தான் நாற்பது பக்கத்துக்குச் சொல்லியிருந்தார்கள். மிதிக்கும் பரப்பு வேறு, கட்டடம் வேறு என்று பிரிக்க வேண்டும். நடுவில் மெத்தென்று ஏதாவது வேண்டும். மேலே போடும் பலகை எந்தச் சுவரையும் தொடக்கூடாது.

அட்டைகளை உரித்துக் குப்பை வண்டியில் போட்டேன். குப்பை வண்டிக்கார அம்மா அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏமி சாமி, ஓட்டல் எப்போ திறந்தீங்க?" என்று கேட்டார். தெருவில் அப்போது கூட்டம் குறைவு. ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள்.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர், தறியில் மிஞ்சும் கழிவு நூலை நாலு சாக்கு அனுப்பினார். அதைத் தட்டையான மெத்தைகளாகத் தைத்தோம். தையல் என் மனைவியும் கோஷ்டியும். ஊசியில் நூல் கோத்துத் தந்தது நான். ஹாலில் மெத்தைகளைப் பரப்பி, அதன்மேல் பலகை போட வடமாலபேட்டையிலிருந்து ஒரு தச்சர் வந்தார். நான் அவர் பின்னாலேயே நின்றேன்.

"செவுத்தைத் தொடக்கூடாது. ஒரு விரல் இடைவெளி."

"வுட்டுட்டேன் சாமி."

"இந்த மூலையில?"

"சாமி, காலைலேர்ந்து இதையே சொல்லிக்கினு கீறீங்க. வேணும்னா ஒரு விரலை அங்கயே வெச்சிக்கினு குந்துங்க. அளவு மாறாது."

பலகை தயாரானது. ஆனால் கோல்கள் மோதும் சத்தம் காற்றுவழியே வருமே? அதற்கு என் மனைவி என்னைக் கேட்காமலே வழி செய்தாள். என் பழைய வேட்டியைக் கிழித்துப் பதினாறு கோல்களிலும் சுற்றிவிட்டாள். பழைய வேட்டி என்று அவள்தான் சொன்னாள். பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது என்று ஏற்பாடு.

ரெவ்யூ நாள் வந்தது. மூன்று மணிக்குக் கால். காலையிலிருந்தே மகள் சரியாகச் சாப்பிடவில்லை. தோசையை விரலால் கிழித்துக் கிழித்துத் தட்டில் ஒரு கோலம் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். அன்று ஒரு நாள் ஆட வேண்டாம் என்று மனைவி சொன்னாள். மகள்தான் கேட்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் அமைதியா இருந்து பாஸ் ஆனா, நாளைக்கு மாட்டிப்பேன்மா. ஆடு. கேட்டா கேக்கட்டும், போறதுன்னா போயிடறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நியாயம்தான்.

மூன்று மணிக்கு எட்டுப் பேரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகைமேல் ஏறினார்கள். வேட்டி சுற்றிய கோல்கள் உயர்ந்தன. ஆடினார்கள். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பஞ்சுமேல் பூனைகள் கும்மியடிப்பது போல இருந்தது. பருமனான இரண்டு பேர் சேர்ந்து குதித்தபோது மட்டும் பலகை லேசாக மூச்சு விட்டது. நான் செல்லாருக்கு இறங்கும் படியருகே போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கிரானைட் செத்த பிணம் மாதிரி கிடந்தது. ஒரு அதிர்வு இல்லை.

அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தைத் தனியாகத் தாங்க என்னால் முடியவில்லை. ஆடுகிறவர்களுக்குத் தாங்கள் எப்பேர்ப்பட்ட விஞ்ஞானத்தின் மேல் ஆடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? படியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தேன். சத்தம் இரண்டு வகை. காற்றில் வருவது ஒன்று, மிதியில் வருவது ஒன்று. நகரிக் கழிவு நூல் மிதியை எப்படி விழுங்குகிறது, ஒரு விரல் இடைவெளி ஏன் உயிர்நாடி, வாகனம் தூக்குகிறவர் தோளில் திண்டு எதற்கு. திண்டு உதாரணம் என்னுடையது என்கிற தொனி கொஞ்சம் வந்திருக்கலாம். ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. வாய் பேசக்கூடாது என்று ஏற்பாடாயிற்றே. இவ்வளவு ஒழுங்கான சபை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. மனைவி சுற்றிவரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். ஆட்டத்தின் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு மகள் படியேறி வந்தாள். எல்லோரும் கோலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள்.

"பர்மிஷன் குடுத்துட்டார். இங்கேர்ந்தே பாக்கலாமாம்."

மனைவி கோலைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். கோல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் கைப்பிடியை விட்டு நிமிர்ந்து, "கோலாட்டம் எவ்வளவு கேட்டுது? சதவீதத்துல சொல்லு" என்றேன்.

"துளிக்கூடக் கேக்கலைப்பா. ஆட்டம் நின்னுடுத்தான்னு நானே நினைச்சேன்."

நான் கோஷ்டியை ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"ஆனா மேலேர்ந்து யாரோ ஒரு மணி நேரம் சத்தத்தைப் பத்திக் கிளாஸ் எடுத்தது மட்டும் ஒரு வார்த்தை விடாம எல்லாருக்கும் கேட்டுதாம். மேனேஜர் சொன்னார், கோலாட்டத்தால இனிமே ஒரு தொந்தரவும் இல்லே, கால் இருக்கறச்சே உங்கப்பாவை மட்டும் எங்கேயாவது வாக்கிங் அனுப்பிடுங்கோன்னு."